தண்ணீர்ப் பையும் அதன் ட்யூபும்: கழுவுதல், காயவைத்தல்

1988இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் விச்சிட்டா ஃபால்ஸ் என்ற ஊரில், கொளுத்தும் கோடையில் நடக்கும் 100 மைல் சைக்கிள் ஓட்டத்துக்கு மைக்கேல் ஐட்சன் என்பவர் ஒரு ஏற்பாட்டோடு வந்தார். அவசர மருத்துவ உதவி செய்வது அவர் தொழில். டிரிப்ஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, அதை நீளமான காலுறைக்குள் திணித்து, சட்டையின் முதுகில் பொருத்திக்கொண்டார். ட்யூபைத் தோளுக்கு மேலாக முன்னால் கொண்டுவந்து, ஒழுகாமலிருக்கத் துணி கிளிப் ஒன்றை மாட்டினார். அடுத்த ஆண்டு அந்த யோசனை கேமல்பேக் நிறுவனமானது. இன்று மலையேறுபவர்களும் சைக்கிள்காரர்களும் முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பை எல்லாவற்றுக்கும் முன்னோடி அதுதான்.

டிரிப்ஸ் பையை ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதைக் கழுவி எடுத்து வைக்கும் பேச்சே கிடையாது. நாம் அதே அமைப்பை வாங்கி மூன்று, நான்கு வருடம் வாயில் வைத்து உறிஞ்சுகிறோம். தொல்லையெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை வந்தபிறகு இந்தப் பை வைத்திருப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதை ஒழுங்காகக் காயவைப்பவர்கள் அதிகமானதாகத் தெரியவில்லை. கழுவுவதற்குப் பலருக்கும் சோம்பல் இல்லை. கழுவியதும் மூடியைத் திருகி, ட்யூபைச் சுருட்டி, பீரோவில் வைத்துவிடுகிறார்கள். பை கெடுவது பெரும்பாலும் அழுக்கினால் இல்லை, ஈரத்தினால். ஆகவே இந்த அத்தியாயத்தில் சோப்புக்குக் கொடுக்கும் இடத்தைவிடக் காற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஈரம் ஒளியும் இடங்கள்

பையைக் காலி செய்து தலைகீழாகக் கொட்டிவிட்டீர்கள். உள்ளே இன்னும் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? ட்யூபின் உள்விட்டம் சுமார் கால் அங்குலம், நீளம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் மட்டும் ஏறக்குறைய 30 மில்லி நிற்கும். வாய் வால்வு மூடியே இருப்பதால் அது தானாக வடியாது. நீங்கள் வாய் வைத்து உறிஞ்சிய எச்சிலும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். இருட்டு, கதகதப்பு, ஈரம், எச்சிலோடு வந்த பாக்டீரியா, அதற்குத் தீனியாக ஒரு துளி சர்க்கரை. கிருமிக்கு இதைவிட நல்ல குடியிருப்பு அமையாது.

முதலில் வருவது வழுவழுப்பு. பாக்டீரியா தன்னைச் சுற்றிப் பசை மாதிரி ஒரு படலத்தைச் சுரந்து, பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்கிறது. வெறும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் அந்தப் படலம் அசையாது, எதையாவது வைத்துத் தேய்த்தால்தான் போகும். சில வாரம் கழித்து ட்யூபில் கரும்புள்ளி விழும். அது பூஞ்சணம்.

வாய் வால்வைத் திருகி இழுத்துக் கழற்றுங்கள். கழற்றவே முடியாது என்று நினைத்துப் பலர் அதைத் தொடுவதே இல்லை. பெரும்பாலான பைகளில் அது வெறும் சிலிக்கான் தொப்பி, இழுத்தால் வந்துவிடும். அதைச் சட்டைக் கையை மடிப்பதுபோல் உள்வெளியாகத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். பிளவுக்குப் பின்னால், தொப்பி ட்யூபோடு சேரும் வளையத்தில், இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிகிறதா? குளியலறை மூலையில் வருமே, அந்தப் பாக்டீரியாப் படிவுதான் இங்கேயும். நகத்தால் சுரண்டினால் மெழுகாக வரும். இதற்கு மேல் எந்த விளக்கமும் தேவைப்படாது, மறுபடி அதைக் கழற்றாமல் கழுவ மனம் வராது.

மீதி இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பையும் ட்யூபும் சேரும் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையத்தின் அடி ஒன்று, திருகு மூடியின் மரை இன்னொன்று. இரண்டுக்கும் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

வீடு திரும்பிய அன்றே

வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றிக் குடித்திருந்தால் வேலை குறைவு. மிச்சத்தைக் கொட்டி, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, பால் புட்டி பிரஷால் உள்ளே தேய்த்துவிடுங்கள். பையைத் தூக்கிப் பிடித்து வாய் வால்வை அழுத்தினால் சோப்புத் தண்ணீர் ட்யூப் வழியாக ஓடும். பிறகு நுரையும் வாசனையும் போகும்வரை அலச வேண்டும். சோப்பை அதிகம் விட்டால் அலசுவது பெரும்பாடு, அடுத்த பயணத்தில் எலுமிச்சை வாசனைத் தண்ணீர் குடிப்பீர்கள்.

கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். இந்தப் பைகள் பெரும்பாலும் டிபியூ என்ற மென்மையான பிளாஸ்டிக்கிலோ பாலிஎத்திலீனிலோ செய்தவை. ஓரங்களைச் சூட்டில் உருக்கித்தான் ஒட்டியிருக்கிறார்கள், மறுபடி சூடு பட்டால் அந்த ஒட்டு தளரும். சில தயாரிப்பாளர்கள் 60 டிகிரி செல்சியஸை மேல்வரம்பாகச் சொல்கிறார்கள். கூட வந்த தாளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பையின் வாய் குறுகலாக இருந்து கையும் பிரஷும் நுழையவில்லை என்றால், வீட்டில் பாட்டில் கழுவும் பழைய வழி உதவும். ஒரு கைப்பிடி அரிசி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர், மூடி, நன்றாகக் குலுக்கல். முன்னதாக ட்யூபைக் கழற்றிவிடுங்கள், அரிசி அதற்குள் போய் மாட்டினால் எடுப்பது கஷ்டம். முட்டை ஓட்டைப் போட்டுக் குலுக்குபவர்களும் உண்டு. கண்ணாடி பாட்டிலுக்கு அது சரி. மெல்லிய பிளாஸ்டிக்கில் கீறல் விழும், கீறலுக்குள் அழுக்கு குடியேறும்.

ட்யூபுக்கென்றே நீளமான பிரஷ் உண்டு. பை விற்கும் கடையில் அது இல்லையென்றால் மீன் தொட்டி விற்கும் கடையில் கேளுங்கள். ஃபில்டர் குழாய் சுத்தம் செய்ய, வளையும் கம்பியின் நுனியில் முடி வைத்த பிரஷ் விற்பார்கள், விலையும் குறைவு. அதுவும் கிடைக்காவிட்டால் தடித்த தூண்டில் நரம்பு இருக்கிறது. விறைப்பாக இருப்பதால் ட்யூபுக்குள் தள்ளினால் மறுமுனையில் வெளியே வந்துவிடும். அந்த முனையில் மெல்லிய பருத்தித் துணித் துண்டு ஒன்றைக் கட்டி, சோப்பில் நனைத்து இழுங்கள். முதல்முறை இழுத்து வெளியே வரும் துணியைப் பார்த்தாலே ட்யூபின் யோக்கியதை தெரிந்துவிடும். துணி இறுக்கமாகப் போக வேண்டும், ஆனால் நடுவில் மாட்டி நின்றுவிடக் கூடாது. சின்னதாக ஆரம்பித்து ஒவ்வொரு சுற்றாகக் கூட்டுவது நல்லது. கடைசியில் உலர்ந்த துணியால் ஒருமுறை இழுத்தால் ட்யூபைக் காயவைக்கும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

ஆப்பசோடா, எலுமிச்சை, பிளீச்

இந்த மூன்றையும் ஒரே மருந்துபோல் சொல்வார்கள். மூன்றும் செய்வது மூன்று வேலை.

ஆப்பசோடா வாடையை எடுக்கும். புதுப் பையில் வரும் பிளாஸ்டிக் ருசிக்கும், போன வாரம் ஊற்றிய ஜூஸின் வாடைக்கும் அதுதான் சரி. லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, ட்யூபும் நிறையும்படி வால்வை அழுத்திவிட்டு, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் அலசுங்கள். கிருமியைக் கொல்லும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

எலுமிச்சைச் சாறோ வினிகரோ உப்புக் கறையைக் கரைக்கும். போர்வெல் தண்ணீர் ஊற்றிய பையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி படிந்திருந்தால் ஒரு பழத்தைப் பிழிந்து வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டால் போதும். ஆப்பசோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றிப் பொங்கவிட்டுக் காட்டும் வீடியோக்கள் நிறைய உண்டு. பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றை ஒன்று முறித்துவிடுவதால் கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். மூடி போட்டுக் குலுக்கினால் பை வெடிக்கவும் செய்யும்.

கிருமியைக் கொல்ல வேண்டுமென்றால் பிளீச். வெள்ளைத் துணிக்குப் போடும் திரவ பிளீச்சில், வாசனை சேர்க்காத வகையைப் பார்த்து வாங்குங்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 1 டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். முதலில் சோப்பு போட்டுத் தேய்த்துப் படலத்தை எடுத்துவிட வேண்டும். படலம் இருக்கும்போது பிளீச் ஊற்றினால் மேலே இருப்பது சாகும், அடியில் இருப்பது பிழைக்கும். பிறகு கரைசலை ஊற்றி, ட்யூப் நிறைய வால்வை அழுத்தி, பத்து நிமிடம் விட்டால் போதும். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் சிலிக்கானும் பிளாஸ்டிக்கும் சீக்கிரம் நைந்துவிடும். வாசனை அறவே போகும்வரை பலமுறை அலசுங்கள். மாட்டுத் தொழுவத்துக்குப் போடும் பிளீச்சிங் பவுடரை இதற்கு எடுக்காதீர்கள். அதன் வீரியம் டப்பாவுக்கு டப்பா மாறும், சுண்ணாம்பு மாதிரி வண்டலும் தங்கும்.

ஒரு எச்சரிக்கை. பிளீச்சும் எலுமிச்சையும், அல்லது பிளீச்சும் வினிகரும், ஒருபோதும் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். இரண்டும் தேவைப்பட்டால் ஒன்றை முடித்து நன்றாக அலசிவிட்டு, வேறொரு நாளில் மற்றதைச் செய்யுங்கள்.

பிளீச்சைத் தொடப் பிடிக்காதவர்கள் மெடிக்கல் ஷாப்பில் பால் புட்டிக்கான ஸ்டெரிலைசிங் மாத்திரையைக் கேட்கலாம். அதுவும் குளோரின் வகைதான், அளவு பார்த்துக் கலக்கும் வேலை மிச்சம். பல்செட் ஊறவைக்கும் மாத்திரையும் பலர் போடுகிறார்கள். கறைக்கு நல்லது. ஆனால் அதில் பெர்சல்ஃபேட் இருக்கும், சிலருக்கு அலர்ஜி தரும் பொருள் அது. போட்டால் கூடுதலாக இரண்டு முறை அலசிவிடுங்கள்.

பிளீச் ஒவ்வொரு முறையும் தேவையில்லை. ஓடைத் தண்ணீரோ சுனைத் தண்ணீரோ பிடித்து ஊற்றியிருந்தால் தேவை. வெள்ளியங்கிரியில் ஏறுகிறவர்கள் வழியில் சுனையில் பிடித்துக்கொள்வது வழக்கம். அந்தத் தண்ணீரோடு வரும் மண்ணும் இலைத்தூளும் ட்யூபில் தங்கும். காய்ச்சலில் படுத்தவர் குடித்த பை என்றாலும், இரவல் வாங்கிய பை என்றாலும் தேவை. நாட்கணக்காக மூடிக்கிடந்து, திறந்ததும் வாடை அடித்தாலும் தேவை.

காயவைப்பது

முதலில் ட்யூபைப் பையிலிருந்து கழற்றி, மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ எடுத்துப் போய், ஒரு முனையைப் பிடித்து வேகமாகச் சுற்றுங்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் தெறித்து வெளியே போகும். பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு முனையும் திறந்திருக்க, நட்டுக்குத்தாகத் தொங்கவிட வேண்டும். சுருட்டி வைத்தால் வளைவில் ஒரு துளி நின்றுவிடும், ஒரு துளி போதும் எல்லாம் திரும்ப ஆரம்பிக்க.

பையைத் தொங்கவிடும்போது அதன் இரண்டு பக்கமும் ஈரத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்துக்குக் காற்று போகாது, அங்கே எத்தனை நாளானாலும் காயாது. எனவே உள்ளே எதையாவது விட்டு விரித்து வைக்க வேண்டும். முட்டை அடிக்கும் விஸ்க் அருமையாகப் பொருந்தும். பிளாஸ்டிக் ஹேங்கரை வளைத்தும் விடலாம். மோர் கடையும் மத்தை விடலாமே என்று தோன்றும். வடிவம் சரிதான், ஆனால் மரத்தில் ஊறிய வெண்ணெய் வாடை பைக்குள் ஏறிவிடும். எதுவும் கிடைக்காவிட்டால் சமையலறை டிஷ்யூவைக் கசக்கி உள்ளே அடைத்து, ஈரமானதும் மாற்றுங்கள்.

இடம்: நிழலில், ஃபேன் காற்றில். நம்மூர் வெயிலில் போட்டால் அரைமணியில் காய்ந்துவிடும் என்பது உண்மை. அந்த வெயிலே பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கி விறைக்கவைப்பதும் உண்மை. காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் பரவாயில்லை, உச்சி வெயிலில் கொடியில் மறந்துவிடாதீர்கள்.

வீட்டில் மீன் தொட்டி இருந்தால் அதன் காற்று பம்பின் மெல்லிய குழாயை ட்யூபுக்குள் விட்டு ராத்திரி ஓடவிடலாம். காலையில் ட்யூப் பஞ்சுபோல் காய்ந்திருக்கும், மீன்கள்தான் ஒரு ராத்திரி கொஞ்சம் முனகும். பம்ப் வெளியே இருக்கட்டும், குழாயை முதலில் துடைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்ததா என்று எப்படித் தெரிவது? மூடியை மூடி, பையை ஒருமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுக்கும்போது உட்புறம் மூச்சு விட்ட கண்ணாடிபோல் மங்கியிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். இரண்டு நாள் தொங்கவிட்டாலும் ட்யூபில் துளி நிற்கும். அப்போது ஃப்ரீசர் கைகொடுக்கும். முடிந்தவரை தண்ணீரை உதறிவிட்டு, பையையும் ட்யூபையும் ஒரு சுத்தமான கவரில் போட்டுக் கட்டி, உறைநிலையில் வைத்துவிடுங்கள். குளிர் பூஞ்சணத்தைக் கொல்லாது, வளரவிடாமல் நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். ஆகவே அழுக்கோடு வைத்தால் அழுக்கோடு எடுப்பீர்கள். கவரை இறுக்கிக் கட்டாமல் மீனுக்குப் பக்கத்தில் வைத்தால் அடுத்த மலையில் வஞ்சிர வாசனைத் தண்ணீர். வெளியே எடுத்ததும் உடனே மடிக்காதீர்கள், உறைந்த பிளாஸ்டிக் விரிசல் விடும். அறைச் சூட்டுக்கு வந்தபிறகு தொடுங்கள்.

காய்ந்த பையை எடுத்து வைக்கும் இடத்தில் பாச்சை உருண்டை இருக்கக் கூடாது. அந்த வாசனையைப் பிளாஸ்டிக் உறிஞ்சிவிட்டால் ஆப்பசோடா, எலுமிச்சை எதற்கும் போகாது. வாய் திறந்தே இருக்கட்டும், மெல்லிய துணியைப் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினால் கரப்பான் நுழையாது.

என்ன ஊற்றலாம்

தண்ணீர். என் பட்டியல் அங்கேயே முடிந்துவிடும். வியர்த்து ஊற்றும் மலைப்பாதையில் ஓஆர்எஸ் தேவைப்படும் என்பதை மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டுக் கலவைப்படி 1 லிட்டருக்கான பாக்கெட்டில் 20.5 கிராம் இருக்கும், அதில் 13.5 கிராம் குளுக்கோஸ். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்து மீதியைக் கொட்டிவிட வேண்டும். அந்தக் குளுக்கோஸ் உங்களுக்கு மட்டும் உணவாகாது. எனவே ஓஆர்எஸ்ஸைத் தனியாக ஒரு சின்ன பாட்டிலில் கரைத்து வையுங்கள், பை தண்ணீருக்கு மட்டும் இருக்கட்டும். மோர், இளநீர், நன்னாரி சர்பத் எல்லாம் அதே கணக்கு. சர்பத் குடித்த வாய் வால்வைக் கூடாரத்துக்குள் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் எறும்பு வரிசை கட்டியிருக்கும். சோடா ஊற்றினால் வாயு அழுத்தி வால்வு பிதுங்கும்.

வெயிலில் நடக்கும்போது முதல் வாய் எப்போதும் சூடாக வரும், ட்யூபில் நின்ற தண்ணீர் அது. குடித்து முடித்ததும் காற்றை ஊதி அதைப் பைக்குள் திருப்பி அனுப்பிவிடச் சொல்வார்கள். பனிப் பிரதேசத்தில் ட்யூப் உறையாமலிருக்க அது வேண்டியதுதான். நம் காடுகளில் எச்சிலையும் சேர்த்து ஊதி அனுப்புவதைவிட, அந்த ஒரு வாய்ச் சூட்டுத் தண்ணீரைக் கீழே விட்டுவிடலாம்.

ஒழுகினால், மாற்ற வேண்டியிருந்தால்

பை ஒழுகுகிறது என்று தூக்கிப் போடுவதற்கு முன் இணைப்பிலுள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள். ஒரு மணல் துகளோ தலைமுடியோ அங்கே மாட்டியிருந்தாலே சொட்டும். துடைத்துவிட்டு, உணவுப் பொருளுக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு தடவுங்கள். கை பழக்கத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட வேண்டாம். சில வகை ரப்பர் எண்ணெயில் ஊதிவிடும், பிறகு சிக்கு வாடையும் சேரும்.

வளையம் சரியாக இருந்தும் ஒழுகினால் பையில் ஓட்டை. காற்றை ஊதி மூடி, பஞ்சர் கடைக்காரர் செய்வதைப்போலப் பக்கெட் தண்ணீரில் அழுத்திக் குமிழி வரும் இடத்தைப் பேனாவால் குறியுங்கள். ஊசி முனையளவு ஓட்டை என்றால், நன்றாக உலர்த்தி, டிபியூவுக்கென்று விற்கும் ஒட்டுப் பட்டையை வெளிப்பக்கம் ஒட்டலாம். சைக்கிள் ட்யூபுக்குப் போடும் சொல்யூஷன் வேண்டாம், நீங்கள் குடிக்கும் தண்ணீர் இது. மலையில் இருக்கும்போது ஓட்டை விழுந்தால் அகலமான டேப் அன்றைக்குக் கைகொடுக்கும். ஓரத்து ஒட்டு பிரிந்திருந்தால் ஒட்டி மல்லுக்கட்டாதீர்கள், அது நிற்காது.

ட்யூபும் வாய் வால்வும் தேய்ந்து மாற்ற வேண்டிய பாகங்கள். பிளீச்சுக்குப் பிறகும் ட்யூபில் கரும்புள்ளி நின்றால் ட்யூபை மாற்றுங்கள். வால்வின் பிளவு கடித்துக் கிழிந்திருந்தால் வால்வை மாற்றுங்கள். பை இன்னும் சில வருடம் உழைக்கும். பையின் உள்சுவரே கறுத்து, தேய்த்தும் போகவில்லை என்றால் மட்டும் மொத்தமாக விடைகொடுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறீர்களென்றால் கடையிலேயே மூன்றைச் செய்து பாருங்கள். வாயைத் திறந்து கையை உள்ளே விடுங்கள், அடி மூலை எட்ட வேண்டும். மேல் விளிம்பை மடித்து நழுவுப் பட்டை போட்டு மூடும் வகையில் இது சுலபம், சிலவற்றை உள்வெளியாகவே திருப்பலாம். அடுத்து ட்யூபை பட்டனை அழுத்திக் கழற்றிப் பாருங்கள். கடைசியாக, வாய் வால்வும் ட்யூபும் தனியாக அந்தக் கடையில் கிடைக்குமா என்று கேளுங்கள். பை ஒரு நிறுவனம், ட்யூப் இன்னொரு நிறுவனம் என்று வாங்கினால் இணைப்பு பெரும்பாலும் பொருந்துவதில்லை.